கழுத்துப் பிடிப்பு

இதோ இன்னொன்று. வலது பக்கத்திலிருந்து உயரமாக வருகிறது. யாராவது முந்திக்கொள்ளுங்கள், கோல்கீப்பர் வெளியே வந்து பிடித்துக்கொள்ளட்டும், காற்றாவது தள்ளிக்கொண்டு போகட்டும், ஆனால் அவர்தான் எகிறுகிறார், எப்போதும் அவர்தானே எகிறுவார், நெற்றியில் பந்து படுகிற சத்தம் இத்தனை கூச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்கிறது, மூடிய கதவை யாரோ உள்ளங்கையால் ஒருமுறை தட்டினதுபோல. பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எட்டு. இரண்டாம் பாதி தொடங்கிப் பதினைந்து நிமிஷத்துக்குள் எட்டு. முதல் பாதியில் பதினொன்று. எண்ணக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, மூடியின் கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடி, பக்கத்திலிருக்கிற டாக்டர் ஹயாசே ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பதற்றம் என்று நினைத்திருப்பார், யாருக்குத்தான் இன்று பதற்றம் இல்லை, லீக் கோப்பையின் இறுதி ஆட்டம், தோக்கியோவின் பெரிய மைதானம், எங்கள் சின்னத் துறைமுக ஊரிலிருந்து மலை தாண்டி நாற்பது பஸ் வந்திருக்கிறது, அந்த முழுப் பக்கமும் மை நீலம், நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருக்கிறோம். முன்னால் இருக்கிறோம் என்பதுதான் கஷ்டம். பின்னால் இருந்தால் எதிராளி பந்தைத் தரையில் வைத்து விளையாடுவான். இப்போது அவர்களுக்கு அவசரம், தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள், எல்லாப் பந்தும் நெமோட்டோ சானின் தலையைத் தேடித்தான் வருகிறது, சான் என்பது இங்கே பெயரோடு சேர்க்கிற மரியாதை. முப்பத்தாறு வயசு. எங்கள் கேப்டன். அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று இந்த மைதானத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர். இன்னொன்று நான், யசோதரா, வியாசர்பாடியில் பிறந்து, பிசியோதெரபி படித்து, இந்த ஊர் மொழியில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, ஆறு வருஷமாக இந்த அணியின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பவள்.

நிற்கிறார். இடுப்பில் கை. இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிர்க் கோலைப் பார்க்கிறார். வெயில் அவர் முதுகில்தான் விழுகிறது, கண்ணைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாகத் தெரிகிறதா? ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரியும், அதனால்தானா? கையைத் தூக்கிச் சின்னவர்களை முன்னே போகச் சொல்கிறார், பார், எவ்வளவு சரியாகச் சொல்கிறார், ஒன்றும் இல்லை, வெறும் அசதி, மார்ச்சிலிருந்து ஓடுகிற கால்கள். மார்ச்சில் முதல் ஆட்டத்தன்று மைதானத்தின் ஓரமெல்லாம் பனியை வாரிக் குவித்து வைத்திருந்தார்கள், மூவாயிரம் பேர் கூட வரவில்லை, குழுச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு யார் வருவார்கள், லீக் கோப்பை என்றாலே எங்கள் அணிக்கு மாற்று ஆட்டக்காரர்களுக்கு இடம் கொடுக்கிற போட்டிதான். அன்றைக்கு ஒரு கார்னரில் இவர் தலையால் இடித்துப் போட்ட ஒரே கோல். லீக்கில் தோற்றுக்கொண்டே இருந்தோம், கோப்பையில் மட்டும் எப்படியோ தோற்காமல் தப்பித்துக்கொண்டே வந்தோம், அது என்ன கணக்கோ. செப்டம்பரில் காலிறுதிக்குப் போகும்போது புயல், ரயிலை நிறுத்திவிட்டார்கள், பதினோரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய், இறங்கி இரண்டு மணி நேரத்தில் ஆடி ஜெயித்தார்கள். அக்டோபரில் அரையிறுதி பெனால்டி வரைக்கும் போனது. ஊரில் மீன் ஏலக்கூடத்தில் கூட நீலத் துணி கட்டினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை லீக்கில் நாங்கள் கடைசி என்பது உறுதியாகிவிட்டது. அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவு. அதைக் கேட்டு யாரும் அழவில்லை. சனிக்கிழமை இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது என்றார்கள். அந்தச் சனிக்கிழமைதான் இது. பதினெட்டு வயசில் வந்து பதினெட்டு வருஷம் இதே நீலச் சட்டை, மூன்று முறை கீழே போய் மூன்று முறை மேலே வந்தவர், இதுவரை ஒரு கோப்பையைத் தொட்டுப் பார்த்ததில்லை, இந்த ஆட்டத்தோடு விட்டுவிடப் போகிறேன் என்று அறிவித்தும் விட்டார். ஒன்பது. கடவுளே, ஒன்பது. எதிரணியின் அந்த நெட்டை முன்கள ஆட்டக்காரனின் தோள் இவர் காதில் இடித்தது. நடுவர் விசில் ஊதவில்லை. எழுந்துவிட்டார். எழுந்தார்தானே? கையால் புல்லைத் தொட்டுக்கொண்டு எழுந்தார். அப்படி எழுகிறவர் இல்லை அவர்.

வியாழக்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. ஏழு எண்ணுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போயிருந்தார்கள், மழை தூறி நின்றிருந்தது, நான் ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், இவர் மட்டும் கோலுக்குப் பின்னால் போன கடைசிப் பந்தை எடுக்க ஓடினார், ஓட வேண்டிய அவசியமே இல்லை, நடந்து போயிருக்கலாம், ஈரப் புல்லில் கால் வழுக்கி மல்லாந்தபோது பின்மண்டை கோல் கம்பத்தின் அடியில் மோதியது. அந்தச் சத்தத்தை நான் இப்போது நினைக்கக் கூடாது. ஓடிப்போய் மண்டியிட்டேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் கண்ணுக்குள் ஆள் வந்தார். "யசோ சான், ஏன் அழறீங்க?" என்றார். நான் அழவில்லை, மழைத்தண்ணீர். அசையாதீங்க என்றேன், டாக்டரைக் கூப்பிடறேன் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாராவது பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன்."

"அப்போ யாரும் பார்க்கல," என்றார்.

அதை அவர் அதிகாரமாகச் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். கெஞ்சியிருந்தால் கூடப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், என்னையும் தன்னோடு ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டு. ஆறு வருஷம் முன்னால் நான் வந்து சேர்ந்த முதல் நாள், சிகிச்சை அறையில் மேஜை விரித்து, எண்ணெய் வைத்து, துண்டு மடித்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தரும் வரவில்லை. கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு "பிறகு வரோம்" என்று போய்விட்டார்கள், வெளிநாட்டுப் பெண், கறுப்பாக இருக்கிறாள், என்ன பேசுவது, எங்கே தொடுவாள். இரண்டு மணி நேரம். அம்மா போன் பண்ணி "இன்னாம்மா, மொத நாள் வேலை எப்பிடிக்கீது?" என்று கேட்டாள், நல்லாருக்கும்மா என்றேன். அப்போது இவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, மேஜையில் குப்புறப் படுத்தார், "இடது தொடை, ஏழு வருஷமா சரியில்ல, பாருங்க" என்றார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மறுநாள் வரிசை நின்றது. அவ்வளவுதான், அவர் செய்தது அவ்வளவுதான், அந்த அவ்வளவை நான் எதில் கொண்டுபோய் வைப்பேன். வியாழக்கிழமை சாயங்காலம் பதிவேட்டைத் திறந்து அவர் பெயருக்கு நேரே எழுதினேன்: கழுத்துப் பிடிப்பு, லேசானது. என் கையெழுத்து. ஜப்பானிய எழுத்து எனக்கு இப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், அன்றைக்கு அச்சு மாதிரி வந்தது. மறுநாள் காலை டாக்டர் ஹயாசே அதைப் படித்துவிட்டு "கழுத்தா?" என்றார். "கழுத்துதான்," என்றேன். "தலை?" என்று கேட்டிருக்கலாம் அவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கேட்கவில்லை. எழுபது வயசு மனிதர், என்மேல் நம்பிக்கை.

அதற்கு ஒரு சொல் இருக்கிறது. மூளை அதிர்ச்சி. இங்கே நோஷிந்தோ என்பார்கள். அந்த ஒரு சொல்லை நான் சொன்னால் போதும், ஆறு நாளுக்கு அவர் காலணியைக் கூடத் தொட முடியாது. அதனால்தான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு நானே சோதித்தேன். ஐந்து சொல் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னேன், நாலு சொன்னார், ஐந்தாவதுக்குக் கூரையைப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன், நின்றார், சுவரைத் தொடாமல்தான் நின்றார், ஆனால் தொட நினைத்தார். "தலைவலி இருக்கா?" "இல்ல." "வாந்தி?" "இல்ல." "உண்மையா?" "யசோ சான், ஒரு ஆட்டம்." நானும் மறைத்தவள்தானே. பதினேழு வயசில் மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு முன்னால் முட்டிக்குள் ஏதோ கிளிக்கென்று போனதை அம்மாவிடம் சொல்லாமல், கோச்சிடம் சொல்லாமல், பழைய புடவைக் கிழிசலை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன், இருபது நிமிஷத்தில் முட்டி போய்விட்டது, அப்புறம் புத்தூர் கட்டு, அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம், அப்புறம் ஆட்டமே இல்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் ஆடினேன். அந்த ஆசை எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் ஏமாந்தேன். முட்டி வேறு, யசோ. முட்டி போனால் நொண்டலாம். ஒருமுறை அடிபட்ட மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்று மூன்றாம் வருஷப் பாடத்தில் ஒரு படம் இருந்தது, நான் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பினேன்.

மாற்று ஆட்டக்காரர் பலகை தூக்குகிறார்கள். ஐந்தாவது. கடைசி. கோச் ஒகுதைரா எழுந்து நிற்கிறார், யாரை எடுக்கப் போகிறார், நெமோட்டோவை எடுங்கள், அவர் களைத்துவிட்டார், தெரியவில்லையா உங்களுக்கு, வயசாகிவிட்டது, எடுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், எழுந்து நின்று கை தட்டுவார்கள், கேப்டன் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார், நான் போர்வை போர்த்துவேன், அந்தச் சொல்லை ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்காது, கழுத்துப் பிடிப்பு கழுத்துப் பிடிப்பாகவே இருந்துவிடும். பலகையில் சிவப்பில் எண் வருகிறது. பதினேழு. இடப்பக்க ஓட்டக்காரன். அவன் ஓடி வருகிறான், கை கொடுக்கிறான், உட்காருகிறான். முடிந்தது. இனிமேல் எங்களுக்கு மாற்று இல்லை. இல்லை, ஒன்று இருக்கிறது. தலையில் அடிபட்டவருக்காக என்று விதியில் தனியாக ஒரு மாற்று இருக்கிறது, அதற்குத் தனிச் சீட்டு, அந்தச் சீட்டில் அந்தச் சொல்லை எழுத வேண்டும், எழுதினால் எதிரணிக்கும் ஒரு ஆள் கூடுதலாக இறக்கிக்கொள்ளலாம். நான் வாயைத் திறந்தால் எங்கள் கேப்டன் போவார், அவர்களுக்கு ஒரு புதுக்கால் வரும். நாற்பது பஸ். மடியில் போன் அதிர்கிறது, அம்மா, எடுக்கக் கூடாது, எடுக்க மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும், சும்மா அடிக்கிறாள், அங்கே இப்போது காலை பத்தரை, தெருவில் யாருடைய போனையோ பெரிய டிவியில் இணைத்து வைத்திருக்கிறார்கள், நேற்றே சொன்னாள், "நீ குந்திக்கினு இருக்கிறத காட்டுவானாடி? தெருவே பாக்கப் போவுது. அந்தக் கேப்டன் தம்பி நல்லாக்கீறாரா? உன்ன மொதல்ல மதிச்ச மனுசன் அவர்தானே." நல்லாருக்காரும்மா. கழுத்துதான் கொஞ்சம். அம்மாவிடம் கூடப் பொய்.

இடைவேளையில் என்ன நடந்தது என்பதை நான் இன்னும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். உடை மாற்றும் அறையில் கோச் பேசிக்கொண்டிருந்தார், இவர் மூலையில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. கட்டியிருந்த முடிச்சின் மேல் விரல்கள் சும்மா கயிறு கட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், முகம் மட்டும் கோச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்தார். யார் நீங்கள் என்கிற பார்வை, ஒரே நொடிதான், உடனே "ஆ, யசோ சான்," என்று சிரித்தார். நான் என்ன செய்தேன்? ஐஸ் பையைப் பிடரியில் வைத்தேன். ஐஸ் பையை வைத்தேன். இறங்கிப் போக விட்டேன். கைகளில் இன்னும் அந்த ஈரம்.

பன்னிரண்டு. வேண்டாம், கார்னர் கொடுக்காதே, கொடுத்துவிட்டான். எல்லாரும் பெனால்டி பெட்டிக்குள் வருகிறார்கள், நெட்டையன் வருகிறான், எங்கள் ஆட்கள் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொள்கிறார்கள், நெமோட்டோ சான் எங்கே? கோல் முகப்பில் நெட்டையனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர், அங்கே இல்லை. பெட்டிக்கு வெளியே, அரைவட்டத்தில், தனியாக, எதிராளி யாருமே இல்லாத இடத்தில், கையை உயர்த்தி யாரையோ நிறுத்திக்கொண்டு நிற்கிறார். அவர் நிறுத்துகிற இடத்தில் ஒருத்தரும் இல்லை. கோல்கீப்பர் கத்துகிறான், "நெமோ சான்! நெமோ சான்!" அவர் திரும்பவில்லை. பந்து யார் தொடையிலோ பட்டுப் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது, எங்கள் பக்கம் பெரிதாகக் கத்துகிறது, சந்தோஷமாகக் கத்துகிறது, அவர் அந்தச் சத்தத்தை நோக்கி லேசாகக் கும்பிடுகிற மாதிரித் தலையைக் குனிகிறார், நான் எழுந்துவிட்டேன். ஐஸ் பெட்டி உருண்டு கொட்டுகிறது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, கோச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், சட்டைக் கையைப் பிடித்திருக்கிறேன், ஆறு வருஷத்தில் அவரை நான் தொட்டதில்லை.

"கோச், நெமோட்டோ சானை வெளியே எடுங்க."

"மாத்தறதுக்கு ஆள் இல்ல. முடிஞ்சிடுச்சு." மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கு. தலைக்கான மாற்று இருக்கு."

இப்போது திரும்பினார். "கழுத்துன்னு எழுதியிருந்ததே."

"நான்தான் எழுதினேன். பொய். வியாழக்கிழமை கம்பத்துல மண்டை மோதி மயங்கிட்டார். நோஷிந்தோ."

சொல்லிவிட்டேன். வாய்க்குள் இரண்டு நாளாகக் கல் மாதிரி கிடந்தது, வெளியே வந்ததும் ஒன்றுமில்லாத சின்னச் சொல்லாக இருக்கிறது. கோச்சின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, கோபம் என்றால் தாங்கியிருப்பேன். தூங்குகிறவரை உலுக்கி எழுப்பின மாதிரி இருந்தார். "பன்னிரண்டு நிமிஷம்," என்றார். "யசோ சான், இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான். இந்த ஒரு த்ரோ முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்." இந்த ஒரு த்ரோ. ஒரு ஆட்டம். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாருக்கும் ஒன்றே ஒன்று வேண்டியிருக்கிறது, எனக்கும் வேண்டியிருந்தது. அவரை விட்டுவிட்டு டாக்டர் ஹயாசேயிடம் ஓடினேன், அவர் கொட்டின ஐஸைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார், பாவம், எனக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதே வாக்கியத்தைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வயசில் ஓடினார், எல்லைக்கோட்டிலிருக்கிற நான்காவது நடுவரிடம் ஓடி, உள்ளே காட்டிக் கையை ஆட்டினார். த்ரோ எறியப்பட்டுவிட்டது. பந்து மேலே. நெட்டையன் எகிறுகிறான், நெமோட்டோ சான் எகிறுகிறார், வேண்டாம் வேண்டாம் வேண்டாம், தமிழில் கத்துகிறேன் போல, எகிறுகிற கால் ஒரு நொடி தாமதம், பந்து தலைக்கு மேல் போய்விட்டது, தோள் மட்டும் உரசியது, விசில். விசில்.

நடந்து வருகிறார். டாக்டர் தோளில் கை போட்டு அழைத்து வருகிறார். முழுப் பக்கமும் எழுந்து நிற்கிறது, அவர் பெயரைச் சொல்லிப் பாட்டு, அவர்களுக்குத் தெரியாது, கேப்டன் அடிபட்டு வெளியே வருகிறார் என்று மட்டும் தெரியும். பட்டையைக் கழற்றிக் கோல்கீப்பர் கையில் கொடுத்தார், அதுவரைக்கும் சரியாகச் செய்தார். என்னைத் தாண்டும்போது நின்றார். "நீங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முழங்கால் மடிந்தது. நான் தாங்கினேன், எழுபத்தெட்டுக் கிலோ, என் பழைய முட்டி கத்தியது, தாங்கினேன். தூக்குப் படுக்கையில் சுரங்கப் பாதைக்குள் கொண்டுபோனோம். உள்ளே காங்கிரீட், குளிர்ச்சி, விளக்கு. ஒரு பாத்திரத்தை நீட்டுவதற்குள் வாந்தி எடுத்தார், என் கையிலும் பாதி. தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டேன். அப்போது மேலே, கூரைக்கு மேலே, ஒரு கர்ஜனை, சுவரே அதிர்ந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே அவர் சொன்னார், "நம்ம பக்கம் இல்ல." பதினெட்டு வருஷம், சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று. அவருக்குப் பதிலாக இறங்கியவனின் தலைக்கு மேல் நெட்டையன் எகிறிப் போட்டது என்று பிறகு சொன்னார்கள். அவர் இருந்திருந்தால் எடுத்திருப்பார் என்று ஊரில் சொல்வார்கள், ரொம்ப வருஷம் சொல்வார்கள். அவர் இருந்திருந்தால்.

ஆம்புலன்ஸில் அவர் மனைவி ஃபுமியே சான் ஏறிக்கொண்டார். மகள் கொஹாருவை மைதானத்தில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நீலச் சட்டை, முதுகில் கணவரின் எண். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், நடுவில் அவர், கழுத்தில் பட்டை, இந்த முறை உண்மையாகவே கழுத்தில். எனக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னாலும் இவரிடம் சொல்லாமல் அது முடியாது. "ஃபுமியே சான், வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தேன், வியாழன், பதிவேடு, கழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று கூட இருந்தது. அவர் கணவரின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து காலையில கொஹாருவை என் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்," என்றார். "ரெண்டு தடவை. கொஹாரு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் சமையலறையில போய் நின்னேன், சோறு கொதிக்குது, நான் நிக்கறேன். எனக்குப் புரிஞ்சிடுச்சு யசோ சான். நானும் யார்கிட்டயும் சொல்லல." சைரன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. எங்களை ஒருவரையொருவர் மன்னிக்க எங்கள் இரண்டு பேருக்குமே உரிமை இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, கொஞ்சம்தான், இப்போதைக்கு அறுவை வேண்டாம், கூடவே இருந்து பாருங்கள், மயக்கம் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றார் அந்த ஊர் மருத்துவர், இளம் பெண், என்னைவிடச் சின்னவள். "உடனே வெளியே எடுத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள். பிழைத்துவிட்டார், இனி ஆட மாட்டார், நடப்பார், பேசுவார், எல்லாம் எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. அணியிலிருந்து செய்தி வந்தது. கூடுதல் நேரம் முடிந்து பெனால்டி, நாலுக்கு மூன்று, தோற்றோம். என்னைத் திங்கள்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். பதிவேட்டை நானே எடுத்துக்கொண்டு போவேன். அம்மா ஒன்பது முறை அடித்திருக்கிறாள். ஜன்னலில் சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அவர் கண் திறந்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, ஆமாம், மலர்ந்தது, கை போர்வையிலிருந்து வந்து என் கையைப் பிடித்தது.

"யசோ சான். மேட்ச் என்ன ஆச்சு?"

ஃபுமியே சான் என்னைப் பார்த்தார். ஜெயிச்சோம் என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம். இந்தக் கண்ணுக்கு இப்போது ஒரு கோப்பையைக் கொடுத்துவிடலாம், இந்த அறைக்குள் மட்டும். ஆனால் இவர் விஷயத்தில் பொய் சொல்லுகிற என் பங்கு முடிந்துவிட்டது. "தோத்துட்டோம்," என்றேன். "பெனால்டில." கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காது பக்கமாக இறங்கியது. பிறகு, "நான் எங்கே இருந்தேன்? என்னை யார் வெளியே எடுத்தது?"

"நான்தான்."

கையை எடுத்துக்கொண்டார். மெதுவாக, விரல் விரலாக. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முதுகை ஆறு வருஷமாக எனக்குத் தெரியும், எந்த எலும்புக்குப் பக்கத்தில் எந்தத் தசை இறுகும் என்று தெரியும், அது இப்போது என்னை வெறுக்கிறது. வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கிறது. ஃபுமியே சான் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்தார். வெளியே தள்ளுவண்டிச் சத்தம். நாலு நிமிஷம் இருக்கும், ஐந்து இருக்கும். திரும்பினார். கண்ணில் வெறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, என்னைக் கண்டதும் மறுபடி அதே மலர்ச்சி, கை மறுபடி வந்து என் கையைத் தேடியது.

"யசோ சான்," என்றார். "மேட்ச் என்ன ஆச்சு?"

அவருக்கு நினைவில்லை. மறுபடி கேட்பார், மறுபடி அழுவார், மறுபடி கையை எடுத்துக்கொள்வார், இன்று இன்னும் எத்தனை முறையோ. ஃபுமியே சான் "நான் சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் எடுத்துக்கொள்வதற்கு வசதியாகக் கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.